பொட்டு வைத்த சிடி

பக்கவாதத்துக்கு வைத்தியம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பியிருந்தது. அது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திரும்பியிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். கோணியிருந்த வாய் நேராகிவிட்டது. இழுத்து இழுத்து வைத்த கால், சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் போய்வரப் பழகிவிட்டது. இடது கை மட்டும் வரவில்லை. மடியில் வைத்தால் மடியில் கிடந்தது, நாற்காலிக் கைப்பிடியில் வைத்தால் அங்கே கிடந்தது. ஒருநாள் சூடான குக்கர்மேல் பட்டுத் தோல் சிவந்தது அவருக்கே தெரியவில்லை. நான் பார்த்து இழுத்தேன்.

அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அந்த வண்டியில் ஸ்டீயரிங் முழுக்க இடது கையின் பொறுப்பு. வட்டத்தின் மேல் ஒரு குமிழ் இருக்கும், அதைப் பிடித்து ஒற்றைக் கையால் சுழற்ற வேண்டும். வலது கை லிவர்களை விட்டு நகராது. அதனால் கையா, வேலையா என்று பிரித்துப் பார்க்க எங்கள் வீட்டில் வழியில்லை. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். விரல்களில் லேசாக அசைவு இருக்கிறது, விடாமல் பயிற்சி செய்தால் உணர்ச்சியும் பிடிப்பும் வரலாம். முதல் சில மாதங்களில் விட்டுவிட்டால் கை அப்படியே இறுகிவிடும்.

பயிற்சி என்றால் என்ன? ஒரு ஸ்பாஞ்ச் பந்தை அமுக்க வேண்டும். துணிக்கு மாட்டும் கிளிப்பைத் திறந்து மூட வேண்டும். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு ராஜ்மாவை ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். அவர் பந்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"நா இன்னா எல்கேஜி புள்ளயா? பந்தக் குடுத்து அமுக்கு அமுக்குன்னுகினு."

அத்தோடு முடிந்தது. பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ராஜ்மாவை நான் குழம்பு வைத்துவிட்டேன்.

இதில் எனக்கு யாருடைய துணையும் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்கள் தினமும் ஒரு வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர் வலது கையை நீட்டுவதற்குள் தண்ணீர் வாயருகே வந்தது. சட்டைப் பொத்தானை ஒருவர் போட்டார், சோற்றை இன்னொருவர் பிசைந்தார். சீட்டு ஆடினால் அவருக்கே ஜெயம். அவர் கிழக்கே சூரியன் மறைகிறது என்றாலும் ஆமாம் என்றிருப்பார்கள். நான் ஒருத்திதான், "அந்தக் கையைக் கொஞ்சம் அசைங்களேன், அதுக்கு என்ன விரதமா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். மன்னார்குடிப் பெண்ணுக்கு வாய் நீளம் என்று கூடத்தில் பேசிக்கொண்டது எனக்குச் சமையலறையில் கேட்டது. எங்கள் நெமிலிச்சேரி வீடு சின்னது. எல்லாம் கேட்கும்.

வாரத்தில் சில நாள் ஒரு பிசியோதெரபிப் பெண் வருவாள். அதிர்ந்து பேசமாட்டாள், ஆனால் விடவும் மாட்டாள். ஒரு மாலை அவரிடம் கேட்டாள்.

"பந்து வேணாம் சார். உங்களுக்கு என்னதான் பிடிக்கும், சொல்லுங்க."

"கார் ரேஸ் புடிக்கும்," என்றார் இவர், அவள் வாயை அடைக்கிற நினைப்பில். "அப்போ நானும் இவளும் கம்ப்யூட்டர்ல ஆடுவோம். அதக் கொண்டாந்து குடு. எந்தக் கையால வேணா ஆடறேன்."

"கீபோர்டுலயா? நாலு பட்டன்தானே சார். விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்ல. கிடைச்சா இடது கையால ஆடுவீங்களா?"

"ஆடறேன். எங்கேர்ந்து கெடைக்கும்? அந்தப் பொட்டி மழத் தண்ணில முயுகி, பழைய இரும்புக்காரன் வண்டில ஏறிப் போயாச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்காமல் சிரித்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு ரோஷம் வந்தது. கிடைக்கும், நான் கொண்டு வருகிறேன் என்று அந்தப் பெண்ணைச் சாட்சி வைத்துச் சொல்லிவிட்டேன்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் அம்பத்தூரில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கினோம். அதன் கிராபிக்ஸ் கார்டோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது அந்தக் கார் பந்தயம். ஒரே திரை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும், ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடலாம். வலது கோடியில் இருக்கும் அம்புக்குறி பட்டன்கள் ஒருவருக்கு, இடது பக்கத்து எழுத்து பட்டன்கள் மற்றவருக்கு. தான் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் அம்புக்குறி தனக்குத்தான் என்று அவர் முதல் நாளே எடுத்துக்கொண்டார். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். ஜெயித்துவிட்டு வாசல்வரை போய்க் காற்று வாங்கிவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது வீட்டில் இருந்தது என் லேப்டாப். நான் எஸ்டேட்டிலேயே ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அவருக்கு முடியாமல் போனதும் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று வாங்கியது. எல்லாம் புதுசு, அதில் ஓடும் இயங்குதளமும் வந்ததிலேயே கடைசிப் பதிப்பு. கடைக்காரர் அதைப் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் பின்னால் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

முதலில் உதவிக்கு வந்தது கொழுந்தன். அவன் முகப்பேர் ஃபிளாட்டில் இருக்கிறான், ஐ.டி. வேலை. விஷயத்தைக் கேட்டதும், "அண்ணி, அந்தக் காலத்து கேம்லாம் எதுக்கு? புதுசு ஒண்ணு போட்டுத் தரேன், அண்ணன் அசந்துடுவாரு," என்றான். புதுசு இறங்க இறங்க இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த லேப்டாப்புக்கு அது அதிகப்படி என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அவன் ஏதேதோ குறைத்து ஓட வைத்தான். ஓடியதும் நானே வாயைப் பிளந்தேன். மழையில் நனைந்த சாலை, அதில் கடை விளக்கு, காரின் மேல் ஓடும் மேக நிழல். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிஜ மழையில்கூட அவ்வளவு அழகு கிடையாது.

அவரும் ஆடினார். இடது கையைத் தூக்கி எழுத்து பட்டன்மேல் வைத்துவிட்டோம். கார் கிளம்பியது, வளைவு வந்தது, அவர் விரல் அசையவேயில்லை. கார் தானாகத் திரும்பியது. தானாக பிரேக் போட்டது. சுவரில் உரசியபோது திரையில் நட்சத்திரங்கள் பறந்தன, பாராட்டு வந்தது. கடைசியில் வந்தவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தது.

"இன்னாடா இது," என்றார் தம்பியிடம். "செவுத்துல இடிச்சாலும் சூப்பர்ங்கறான். அவனே திருப்பிக்கிறான். அப்புறம் நா எதுக்கு குந்திகினு கீறேன்?"

"ஈசி மோடுல வெச்சிருக்கேன் அண்ணாத்தே. உனக்கு கஷ்டமா இருக்கக் கூடாதுல்ல."

அவர் எழுந்து படுக்கப் போய்விட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பாசத்தை யாரிடமும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் சேர்ந்து தலையாட்டினால் மனுஷன் என்னதான் செய்வான்?

அந்தப் பழைய சிடி வீட்டில் எங்கோ இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மழைத் தண்ணீர் வந்தபோது தரையில் இருந்ததுதான் போனது. இது தரையில் இருக்கவில்லை, சாமி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஏன் அங்கே என்றால், ஆயுத பூஜை. அவருக்கு ஆயுத பூஜை என்றால் உயிர். ஃபோர்க்லிஃப்டுக்குக் கிடங்கில் மாலை போடுவார். வீட்டில் ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மணை, அயர்ன் பாக்ஸ், என் கால்குலேட்டர் என்று எதையும் விடமாட்டார், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டர் போன பிறகும் அதன் சார்பில் இந்த சிடி ஒவ்வொரு வருஷமும் பூஜையில் உட்கார்ந்தது.

எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். எழுத்து அச்சடித்திருந்த பக்கம் கடையில் வாங்கியது மாதிரி சுத்தமாக இருந்தது. திருப்பினேன். கம்ப்யூட்டர் படிக்க வேண்டிய பளபளப்பான பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து போன சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன.

"என்னங்க இது? இந்தப் பக்கமா பொட்டு வைப்பாங்க?"

"பின்ன? மூஞ்சிக்குத்தானே மே பொட்டு வெப்பாங்க. முதுகுக்கா வெப்பாங்க?"

"எது மூஞ்சி?"

"பளபளன்னு கீது பாரு, அதான் மூஞ்சி. எழுத்து போட்டது முதுவு."

இத்தனை வருஷம் பூஜை நடந்திருக்கிறது, நானும் பக்கத்தில் நின்று மணி அடித்திருக்கிறேன். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சுத்தம் செய்வது எப்படி என்று இணையத்தில் தேடினேன். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு, பழைய பருத்தித் துணி. வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, மெதுவாகத் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து அவர்முன் வைத்தேன்.

"யார் வச்ச பொட்டோ அவங்கதான் துடைக்கணும்."

"ஒத்தக் கையால எப்டி மே தொடைக்கிறது?"

"அது உங்க கஷ்டம். சிடியை ஒரு கை பிடிச்சாதான் இன்னொரு கை துடைக்கும்."

கோபத்தில்தான் சொன்னேன். யோசித்து எல்லாம் சொல்லவில்லை. நான் உள்ளே போய் அரிசி களைந்துவிட்டு வந்து பார்த்தால், மடியில் துண்டை விரித்துக்கொண்டு, இடது கை விரல்களை வலது கையாலேயே விரித்து, அதன் நடுவில் சிடியைச் சொருகிக்கொண்டிருந்தார். அது விழுந்தது. மறுபடி சொருகினார். விழுந்தது. எனக்கு ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று கையெல்லாம் பரபரத்தது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் ஓரத்தை எப்படியோ பிடித்துக்கொண்டன. ஒரு இழுப்பு துடைத்தார். விழுந்தது.

அன்று மாலை வந்த பிசியோதெரபிப் பெண் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன சார் பண்றீங்க?"

"பொட்டு தொடச்சிகினு கீறேன்."

"பண்ணுங்க சார், பண்ணுங்க," என்றவள் பையிலிருந்து பந்தை எடுக்கவேயில்லை. போகும்போது என்னிடம், "அக்கா, அழுக்கு சீக்கிரம் போகாம பாத்துக்கங்க," என்றாள் கிசுகிசுப்பாக.

பொட்டு போக நாள் பிடித்தது. இதற்குள் வேறொரு பிரச்சினை. புது லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. தனியாக ஒரு டிரைவ் வாங்கி வந்து மாட்டினோம். சிடியை உள்ளே தள்ளியதும் மிக்சியில் கல் விழுந்ததுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடி சத்தம். அவர் சாமி கும்பிட்டார். நான் டிரைவைத் திட்டினேன். இதில் எதற்கு மசிந்ததோ, கோப்புகள் ஒவ்வொன்றாக லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தன.

வந்ததைத் திறந்தால், இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு பெட்டி. அவ்வளவுதான். ஏன், எதனால் என்று ஒரு வார்த்தை கிடையாது. விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும் அந்தக் காலத்து நிறுவும் நிரலைப் புது இயங்குதளம் ஏறெடுத்தும் பார்க்காதாம். தேடித் தேடி, பழைய விளையாட்டுகளைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் கூடிப் பேசும் ஒரு இணையக் குழுவைக் கண்டுபிடித்தேன். அங்கே என் கேள்வியைப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். மேற்படி விஷயமாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது என்னவென்றால் என்ற பாணியில், பொருள் என்று தலைப்பிட்டு, கீழே இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள என்று முடித்திருந்தேன். கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். ஆனால் பதில் வந்தது. எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாத ஒருவர், இவ்வளவு மரியாதையாக யாரும் இங்கே கேட்டதில்லை என்று எழுதிவிட்டு, பழைய நிறுவும் நிரலுக்குப் பதிலாகத் தான் எழுதிய ஒன்றை அனுப்பியிருந்தார்.

அதைப் போட்டேன். உள்ளே போனது. இப்போது சிடியைப் போடு என்றது. சிடி உள்ளேதான் இருக்கிறது. இல்லை, போடு என்றது. கள்ளப் பிரதியா என்று சோதிக்கும் அந்தக் காலத்துப் பூட்டு அது, புது இயங்குதளம் அந்தப் பூட்டை ஆபத்து என்று ஒதுக்கிவிட்டது. விளையாட்டைச் செய்த கம்பெனி மூடுவதற்குமுன் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு ஒரு திருத்தம் வெளியிட்டிருந்ததாம். கம்பெனி போன பிறகும் அதை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். அது வந்தது, விளையாட்டும் திறந்தது. வானம் ஊதாவாகவும் சாலை ரோஸ் கலரிலும் இருந்தன.

"இன்னா மே, ஊர்ல ஹோலிப் பண்டிகயா?" என்றார்.

நிறத்தையும் சரி செய்தோம். பந்தயத்தை ஆரம்பித்தோம். கொடி அசைந்தது, அவ்வளவுதான் தெரியும். இரண்டு காரும் எங்கே போயின என்றே தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டரின் வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டு, புது லேப்டாப்பின் வேகத்துக்குப் பேய் பிடித்ததுபோல ஓடியது. மறுபடி ஆரம்பித்தால் மறுபடி கண் இமைப்பதற்குள் இரண்டு பேரும் சுவரில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, இருமல் வரும்வரை சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த வேகத்தைச் சரி செய்யாமலே விட்டாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

வேகத்தை மட்டுப்படுத்த இன்னொரு சின்ன நிரலை அந்த முகம் தெரியாத ஆளே அனுப்பினார். யாருக்காக இவ்வளவு பாடு என்று கேட்டிருந்தார். என் கணவர் விளையாட விரும்புகிறார் என்று மட்டும் எழுதினேன். அப்படியானால் பாலம் தாண்டி வரும் வளைவில் அவரை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள், நான் எப்போதும் அங்கேதான் கவிழ்கிறேன் என்று பதில் வந்தது. அதை அவரிடம் படித்துக் காட்டினேன். "நம்மாளு," என்றார்.

சரியான வேகத்தில், சரியான நிறத்தில் விளையாட்டு வந்து நின்ற அன்றைக்கு அவர் பழக்கதோஷத்தில் வலது பக்கம் போய் உட்கார்ந்தார். நான் நகரச் சொன்னேன். முறைத்தார், நகர்ந்தார். இடது பக்கத்தில் எழுத்து பட்டன்கள். கொஞ்ச நேரத்தில் வலது கை நைசாகக் குறுக்கே வந்து அவற்றை அழுத்தப் பார்த்தது. நான் உள்ளே போய் டீ போட்டு, டம்ளர் நிறைய ஊற்றி அந்தக் கையில் கொடுத்துவிட்டேன். சூடான டீயோடு அது எங்கே போகும்?

அவருடைய விரலுக்கு அழுத்தத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. வேகத்துக்கான பட்டனில் விரல் இறங்கினால் இறங்கியதுதான். கார் நேராகப் போய் முதல் வளைவிலேயே மோதும். எடுங்க, எடுங்க என்று நான் கத்துவேன். எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டேனா என்று அவர் திருப்பிக் கத்துவார். கை மூடுவது சுலபம், திறப்பதுதான் கஷ்டம் என்று பிசியோதெரபிப் பெண் சொன்னாள். நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். சும்மா ஜெயிக்கவில்லை, ஜெயித்துவிட்டு வாசல்வரை போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்து இதைப் பார்த்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா அண்ணி, ஒரு ஆட்டம் உட்டுக் குடுத்தா இன்னா?"

என்னை எழுப்பிவிட்டு அவனே உட்கார்ந்தான். கிளம்பிய கொஞ்ச தூரத்தில் அவன் கார் தடம் மாறி மரத்தில் போய் நின்றது. "ஐயோ, போச்சே," என்றான். அவர் கார் முட்டி மோதிக் கடைசிக் கோட்டைத் தாண்டியது. கொழுந்தன் கை தட்டினான். அவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "உங்கொப்பன் மவனே, எனக்கு கைதான்டா வரல. கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த சில நாள் லேப்டாப் பக்கமே வரவில்லை. கொழுந்தனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கும் பயம்தான். நல்லது செய்கிறேன் என்று அவன் உண்மையாகவே நினைத்தான், அதனால் திட்டவும் முடியவில்லை.

திரும்பி வந்தார். எப்படி வந்தார் என்றால், நான் ஆபீஸ் வேலையாக உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்று, "இன்னும் எவ்ளோ நேரம் மே அந்தக் கணக்கு?" என்றார்.

அதன் பிறகு விரல் மெல்ல மெல்ல எழ ஆரம்பித்தது. வளைவுக்கு முன்னால் அரைகுறையாக எழும், கார் உரசிக்கொண்டு தாண்டும். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிறவர்கள் கூடத்தில் எங்கள் கூச்சலைக் கேட்டுச் சண்டை என்று நினைத்து வாசலிலேயே நின்றார்கள்.

இந்த நேரம் பார்த்து லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்து திறந்தால் புது நிறம், புது ஐகான், நல்வரவு வேறு. விளையாட்டை அழுத்தினேன், வரவில்லை. வேகத்தை மட்டுப்படுத்தும் நிரலை அது சந்தேகத்துக்குரியது என்று தூக்கித் தனியே அடைத்து வைத்திருந்தது. கடன் வாங்கியவனைத் தேடுவதுபோல நான் அந்த இயங்குதளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தேடித் திட்டினேன். குழுவில் எழுதினேன். பதில் வரத் தாமதமானது. ஆள் இருக்கிறாரா, ஊருக்குப் போனாரா என்றே தெரியவில்லை.

இனி அவர் கட்டிலில் படுத்துவிடுவார், விரல் மறுபடி இறுகிவிடும் என்று நான் பயந்தேன். சாயந்திரம் ஆனால், "வந்துச்சா?" என்பார். இல்லை என்பேன். ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனவர், டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"அந்த ராஜ்மா எங்க மே? சும்மா கெடந்தா கை மறந்துடப் போவுது."

குழம்பு வைத்த பிறகு புதிதாக வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கிண்ணத்தையும் நானே எடுத்து வைத்தேன். பிறகு பின்பக்கம் போய், காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகையாக வந்தது, ஆனால் துக்கமில்லை. அவர் கேட்கிறார். கைக்கு வேலை வேண்டும் என்று அவரே கேட்கிறார்.

முகம் தெரியாத ஆள் திரும்பி வந்தார். வேலையாக வெளியே போயிருந்தாராம், மன்னிப்புக் கேட்டிருந்தார். செட்டிங்ஸில் எங்கே போய், எந்தக் கோப்புறையை நம்பலாம் என்று அந்த இயங்குதளத்துக்குச் சொல்ல வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார். செய்தேன். பழைய கார்கள் பழைய வேகத்தில் வந்து கோட்டில் நின்றன.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிறு காலை. இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பாலம் வந்தது, அதன் வளைவு வந்தது. நான் சரியாகத்தான் திருப்பினேன், கொஞ்சம் அகலமாகப் போய்விட்டது. கீழ்ப் பாதித் திரையில் அவருடைய கார் வேகம் குறைவதைப் பார்த்தேன். விரலை எடுத்திருக்கிறார். உள்பக்கமாக நுழைந்து, மறுபடி அழுத்தி, என் காரை உரசாமல் தாண்டிப் போனார். நான் விடவில்லை. கடைசி நேர்சாலையில் பட்டன் உடையும்படி அழுத்தினேன். பிடிக்க முடியவில்லை. அவர் கோட்டைத் தாண்டினார்.

விட்டுக்கொடுத்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சத்தியமாக இல்லை. எனக்கு வந்த ஆத்திரமே அதற்குச் சாட்சி. காதெல்லாம் சுட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் தோற்ற கடுப்புதான் முதலில் வந்தது.

"இன்னொரு ஆட்டம். போடுங்க."

"வேணாம் மே."

"ஜெயிச்சுட்டு எழுந்து ஓடறீங்களா? போடுங்கன்னா போடுங்க."

"மெய்யாலுமே முடியல மே. கை வலிக்குது."

"எந்தக் கை?"

கீபோர்டின்மேல் இருந்த இடது கையைப் பார்த்தார். வலது கை விரலால் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

"இங்கேர்ந்து... இது வரிக்கும்."

"வலிக்குதா?"

"வலிக்குது மே. நல்லா வலிக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைலம் எடுத்து வரலாம் என்று எழுந்தேன். அவர் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இரு மே," என்றார். "கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."